இரண்டு மாப்பிள்ளை வீடுகள்

அப்பாசியா, குவைத்
11.01.2025

திரு. அம்மையப்பன் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் ஊரில் உங்கள் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலம். என் பெயர் வசந்தகுமாரி. இங்கே ஓர் இந்தியப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர். அபுதாபி பக்கம் ருவைஸில் உங்கள் மகன் ஜெயசீலனோடு ஒரே ஃப்ளாட்டில் இருக்கும் பாலமுரளியின் அம்மா. உங்கள் நம்பரை அவன்தான் கொடுத்தான்.

போனில் பேசினால் அழுதுவிடுவேன். பக்கத்து அறையில் என் கணவர் இருப்பார். அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். நாம் பிழைக்க வந்த நாடுகளில் இது வெளியே தெரிந்தால் பிள்ளைகளின் வேலை மட்டும் போகாது. படித்ததும் அழித்துவிடுங்கள்.

போன மாதம் லீவில் வந்த பாலமுரளி, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான். அவனும் ஜெயசீலனும் நான்கு வருடமாக வெறும் அறைத்தோழர்களாக இல்லை. வருகிற ஆவணியில் திருச்சியில் நாலு பேர் முன்னால் மாலை மாற்றிக்கொள்ளப் போகிறார்கள். சட்டம் இதை ஏற்காதே என்றேன். “சட்டம் வேண்டாம்மா, நீங்க ரெண்டு பேரும் வந்தா போதும்” என்றான். என் கணவர் ஸ்ரீனிவாசன் எழுந்து கீழே போய்க் காரைக் கழுவினார். முந்தின நாள்தான் கழுவியிருந்தார்.

நான் ரக்ஷிதா என்று ஒரு பெண்ணின் போட்டோவைக் காட்டினேன். “பாவம்மா அந்தப் பொண்ணு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

என் மகனிடம் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். நீங்களாவது உங்கள் மகனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வசந்தகுமாரி ஸ்ரீனிவாசன்


முவைலா, ஷார்ஜா
26.01.2025

மரியாதைக்குரிய டீச்சர் அம்மாவுக்கு அம்மையப்பன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். நீங்களும் சாரும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை கேம்ப் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது படித்தேன். ரூமில் ஆறு பேர். யாருக்கும் காட்டவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, புத்தாண்டன்று போன் செய்து என் மகனும் இதையே சொன்னான். நான் பாதியிலேயே போனை வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், உங்களுக்கு நானே எழுதுவதாக இருந்தேன். படித்த வீட்டுப் பையன், இன்ஜினியர், அவன்தான் டெக்னீஷியன் வேலை பார்க்கும் என் மகனைக் கெடுத்துவிட்டான், கண்டித்து வையுங்கள் என்று எழுத நினைத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். நீங்கள் என் மகனைத்தான் அப்படி நினைத்திருப்பீர்கள் என்று இப்போது தெரிகிறது.

நான் ஷட்டரிங் ஃபோர்மேன். இருபத்தேழு வருடமாக இந்த மண்ணில்தான். என் மனைவி பூவாயி ஆண்டிமடம் பக்கத்தில் ஊரில் இருக்கிறாள். மகள் சந்தியாவைக் கட்டிக் கொடுத்துவிட்டோம். அடுத்த மாதம் ஒரு ஞாயிறு ருவைஸ் போய், நேரில் இரண்டு அதட்டு போட்டு, இந்தப் பேச்சையே கலாஸ் பண்ணிவிட்டு வருகிறேன். நீங்கள் கவலைப்படாதீர்கள். சாரைக் கேட்டதாகச் சொல்லவும்.

அம்மையப்பன்


முவைலா
09.03.2025

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். உங்களிடமிருந்து பதில் இல்லை. பரீட்சை நேரம் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே நோன்பு மாதம், டூட்டி சீக்கிரம் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

ருவைஸ் போய் வந்தேன். மூன்று பஸ் மாறினேன். போய்ச் சேர்ந்தபோது ஜெயசீலன் இல்லை. பிளான்டில் ஷட்டவுன் வேலையாம், ஞாயிறும் பன்னிரண்டு மணி நேர டூட்டி. உங்கள் மகன்தான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவருக்கு. சாப்பிடச் சொல்லி உப்புமா கிண்டினார். தம்பிக்குச் சமையல் வராது அம்மா. கலவை இறுகிப்போய்க் கரண்டி நட்டமாக நின்றது. என் சைட்டில் அப்படிக் கலவை வந்தால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இதைத் திருப்ப முடியுமா, தின்றேன்.

“உங்களை எப்படிக் கூப்பிடறது?” என்று கேட்டார். நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். ஜெயசீலன் வரட்டும், இரண்டு பேரையும் ஒன்றாக வைத்துத் திட்டலாம் என்று சோபாவில் உட்கார்ந்தேன். அப்படியே தூங்கிவிட்டேன். முதல் நாள் ஸ்லாப் கான்கிரீட், உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது.

விழித்தபோது என் ஷூவை யாரோ கழற்றி வைத்திருந்தார்கள். மேலே போர்வை. டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. அடுப்படியில் தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே தட்டில் அந்த உப்புமாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகன் அதில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக்கொண்டிருந்தான். நான் எழுந்துவிடக் கூடாதென்று குசுகுசுவென்று பேசினார்கள்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. திட்ட முடியவில்லை. மன்னிக்கவும்.

அம்மையப்பன்


அப்பாசியா
12.04.2025

மதிப்பிற்குரிய அம்மையப்பன் அவர்களுக்கு,

வணக்கம். நலமா? மூட்டுவலி என்று ஜெயசீலன் சொன்னாராம். குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதீர்கள். நாங்கள் நலம்.

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. இந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் ரிப்பேர். நாலாவது மாடிக்குத் தினமும் ஏறி வந்து உட்கார்ந்தால் யாரையும் எதிர்க்கத் தெம்பு இருப்பதில்லை. சம்மதம் என்றால் மனம் நிறைந்து சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்த சம்மதம் அப்படி வரவில்லை. ஒருநாள் படியேறிக்கொண்டிருந்தபோது, சரி போகட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

தேதி ஆகஸ்ட் இருபத்தெட்டு. பாலமுரளியோடு படித்த தாரிணி திருச்சியில் ஒரு சின்ன மண்டபம் பிடித்திருக்கிறாள். படிவத்தில் மணமகள் பெயர் கேட்ட இடத்தில், ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்று எழுதிக் கொடுத்தாளாம்.

என் கணவருக்கும் சம்மதம்தான். வேலை அதிகம், அதனால் பேசுவது குறைவு. உங்கள் மனைவி என்ன சொல்கிறார்கள்?

வசந்தகுமாரி


முவைலா
04.05.2025

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். சுகம். சார் ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். படித்தவர்கள் படித்தவர்கள்தான். பூவாயியிடம் சொல்லிவிட்டேன். முதலில் அழுதாள், பிறகு சரி என்றாள். லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெயில் ஆரம்பித்துவிட்டது. மற்றவை பிறகு.

அம்மையப்பன்


அப்பாசியா
10.06.2025

அம்மையப்பன் அவர்களுக்கு,

உங்கள் நலம் விசாரிக்க இன்று எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும், நலமாக இருங்கள்.

நேற்று உங்கள் மனைவிக்குப் போன் செய்தேன். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வேண்டும், என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டேன். “எந்தக் கல்யாணம்?” என்றார்கள். நான் விளையாடுகிறார்கள் என்று நினைத்து, “நம்ம பிள்ளைங்க கல்யாணம்தான்” என்று சிரித்தேன். “உங்க பொண்ணு பேரு என்னம்மா?” என்று கேட்டார்கள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு நான் சொன்ன வார்த்தைகளை எழுத எனக்குத் தெம்பில்லை. இருபத்திரண்டு வருட டீச்சர் வேலையில் ஒரு பிள்ளையிடம்கூட இவ்வளவு தடுமாறிப் பேசியதில்லை. அந்தப் பக்கம் ஆடு கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போன் கட்டாகிவிட்டது.

பூவாயி அம்மா ஒத்துக்கொண்டதாக எனக்கு ஏன் எழுதினீர்கள்?

வசந்தகுமாரி


முவைலா
20.07.2025

டீச்சர் அம்மாவுக்கு அம்மையப்பன் எழுதுவது. நாற்பது நாளாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். உங்கள் உடம்பும் சார் உடம்பும் சுகந்தானா?

நான் பொய் எழுதினேன். உங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட பிறகு, எங்கள் வீட்டில் மட்டும் முடியவில்லை என்று எழுத வெட்கமாக இருந்தது. பூவாயியிடம் இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். இருபத்தேழு வருடமாக நல்ல செய்தியைத்தான் போனில் சொல்லிப் பழக்கம். கால் ஒடிந்து கிடந்தபோதுகூடச் சுளுக்கு என்றுதான் சொன்னேன்.

பூவாயி பன்னிரண்டு நாள் போனை அணைத்து வைத்திருந்தாள். பிறகு ஜெயசீலனை அழைத்து, “நீ சந்தோசமா இருக்கியா, இல்ல ஏமாந்து கெடக்கியா?” என்று ஒன்று மட்டும் கேட்டாளாம். அவன் சந்தோஷமாக இருக்கிறேன் என்றான். மறுபடி நாலு வாரம் பேச்சு இல்லை. போன வெள்ளிக்கிழமை என்னை அழைத்தாள். ஊரில் எவனுக்கும் தெரியக் கூடாது, ஆனால் வருவாளாம். ஒரே ஒரு நிபந்தனை. நாங்கள்தான் மாப்பிள்ளை வீடு.

நீங்கள் சிரிக்கலாம். சந்தியா கல்யாணத்தில் நான் இங்கே டூட்டியில் இருந்தேன். பூவாயி தனியாக வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து, காபி ஆறிப்போனது என்று சத்தம் போட்டார்கள். கடைசிப் பந்தியில் அவளுக்குக் கூட்டுகூட இல்லை. “ஒரு தடவையாச்சும் என்னை யாராவது வாங்கன்னு கூப்பிடட்டும்” என்கிறாள்.

தயவுசெய்து சாரிடம் கேட்டு எழுதவும்.

அம்மையப்பன்


திருச்சி
03.08.2025

சம்பந்தி அவர்களுக்கு,

இந்த வார்த்தையை எழுதிப் பார்க்கிறேன். வணக்கம். லீவுக்கு நான் மட்டும் ஊருக்கு வந்துவிட்டேன். நலமாக இருக்கிறேன்.

பூவாயி அம்மாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் எனக்கு இருப்பது ஒரே மகன். முப்பத்துநாலு வருடமாக அவனை மாப்பிள்ளையாகத்தான் நினைத்துப் பார்த்திருக்கிறேன். பட்டு வேட்டியோடு, என் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் வருவான் என்று. மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டேன். இதையும் விடு என்றால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது? நாங்களும் மாப்பிள்ளை வீடுதான். என்னைத் தவறாக நினைக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் உண்மையைச் சொன்ன பிறகு நான் மறைப்பது சரியில்லை. என் கணவர் சம்மதிக்கவில்லை. டிசம்பரிலிருந்து இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டேன். “நீ போய்ட்டு வா” என்றார். அவ்வளவுதான். நீங்கள் வெட்கப்பட்டு ஒளிந்த அதே இடத்தில்தான் நானும் ஒளிந்திருந்தேன்.

நீங்கள் வந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

வசந்தகுமாரி


முவைலா
24.08.2025

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசியில் கட்டிடத்தை ஒப்படைக்க வேண்டுமாம். மகன் கல்யாணம் என்று சொன்னேன். பத்திரிகை காட்டு என்றார்கள். எதைக் காட்டுவது?

பூவாயி சந்தியாவையும் வெளியூரில் இருக்கும் தன் தங்கச்சிகளையும் கூட்டிக்கொண்டு வேனில் வருகிறாள். அவளுக்கு உங்களை முன்பின் தெரியாது. கொஞ்சம் முன்கோபம். பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மையப்பன்


அப்பாசியா
13.09.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

வணக்கம். குவைத் திரும்பி, பள்ளியும் திறந்தாகிவிட்டது. டூட்டி பஸ்ஸில் நீங்கள் சத்தத்தை அணைத்துவிட்டு போனில் கல்யாணத்தைப் பார்த்ததாக ஜெயசீலன் சொன்னார். நீங்கள் பார்த்தது மாலை மாற்றியதை மட்டும். மற்றதை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது, பெண் வீட்டார் வாசலில் நிற்க வேண்டும் இல்லையா? காலை ஆறு மணிக்கு என் கார் மண்டபத் தெருவின் கிழக்கு முனையில் நின்றது. மேற்கு முனையில் உங்கள் வேன். நான் முதலில் இறங்கினால் வரவேற்கும் வீடு ஆகிவிடுவேன். பூவாயி அம்மாவும் அதே கணக்கில்தான் இறங்காமல் இருந்தார்கள். இருபது நிமிடம் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். தாரிணி நடுவில் நின்று இரண்டு பக்கமும் கையெடுத்துக் கும்பிட்டாள். வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. எனக்கு அழுகை வந்தது. இறங்கிவிடலாம் என்று கதவில் கை வைத்தேன். சத்தியமாக வைத்தேன்.

அதற்குள் பிள்ளைகள் இரண்டு பேரும் பட்டு வேட்டியோடு வெளியே வந்தார்கள். ஆளுக்கொரு தட்டு, சந்தனம், பன்னீர். பாலமுரளி என்னிடம் வருவான் என்று பார்த்தேன். அவன் மேற்கே வேனுக்குப் போனான். உங்கள் மகன் கிழக்கே என்னிடம் வந்தார். “வாங்க அத்தை” என்று கதவைத் திறந்துவிட்டார். தெருக்கோடியில் பூவாயி அம்மாவின் குரல் எனக்குக் கேட்டது. “நம்மள அழைக்க ஆளு வந்தாச்சு, எறங்குங்கடி.”

ஐயர் கிடைக்கவில்லை. நானும் பூவாயி அம்மாவும்தான் மாலையை எடுத்துக் கொடுத்தோம். பாலமுரளி சிரித்துக்கொண்டே இருந்தான். ஆனால் வெளியே கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தான். ஏழெட்டுத் தடவை. பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

சாப்பாட்டுக்கு முதல் பந்தியில், முதல் இலையில் பூவாயி அம்மா போய் உட்கார்ந்தார்கள். நான் ஒதுங்கி நின்றேன். பக்கத்து இலையைத் தட்டிக் காட்டி, “வாங்க, உக்காருங்க. ரெண்டு பேருமே மாப்பிள்ளை வீடுதான, நாம எதுக்குக் கடைசிப் பந்திக்கு நிக்கணும்?” என்றார்கள். கூட்டு மூன்று முறை வாங்கிக்கொண்டார்கள்.

வீடு வந்து சேர்ந்தபோது என் கணவர் ஹாலில் இருந்தார். எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஐந்து நாள் இருவரும் பேசாமல் இருந்தோம். ஆறாம் நாள் என் போனை அவர் கையில் கொடுத்து, “படிங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். உங்கள் கடிதங்கள் எல்லாம் அதில் இருந்தன. அழிக்கச் சொன்னவளே அழிக்கவில்லை. மன்னியுங்கள்.

உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

வசந்தகுமாரி


அப்பாசியா
05.10.2025

திரு. அம்மையப்பன் அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். நான் பாலமுரளியின் தந்தை ஸ்ரீனிவாசன். முன்பே எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் கடிதங்களைப் படித்தேன். சாரைக் கேட்டதாகச் சொல்லவும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி நான் ஆபீஸ் போனேன். மாலை வரை ஒரு மெயிலைக்கூடத் திறக்கவில்லை. நீங்கள் லீவு கேட்டுக் கிடைக்காமல் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தீர்கள். எனக்கு இருபத்திரண்டு நாள் லீவு மீதி இருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

இன்னும் எனக்கு இதெல்லாம் முழுவதும் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருபதாம் தேதி தீபாவளி வருகிறது. முதல் தீபாவளி. தலைதீபாவளிக்குப் பிள்ளைகளைப் பெண் வீட்டார் அழைப்பதுதான் முறை. இரண்டு வீடுமே மாப்பிள்ளை வீடு என்றால் அவர்களை அழைக்க ஆளே இல்லை. அதனால் நாங்கள் பெண் வீடாக இருந்துகொள்கிறோம். எனக்கு அதில் குறை எதுவும் இல்லை. இரண்டு பேரையும் குவைத்துக்கு அனுப்பி வையுங்கள். விசா வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்கம்பக்கத்தில் கேட்டால், மகனும் அவன் சிநேகிதனும் என்று சொல்லிக்கொள்ளலாம். வீட்டுக்குள் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை.

பாலமுரளி என் போனை எடுப்பதில்லை. குற்றம் அவனுடையது அல்ல. ஆகவே உங்கள் மூலமாகக் கேட்கிறேன்.

தங்கள்,
ஸ்ரீனிவாசன்


முவைலா
11.10.2025

மரியாதைக்குரிய சம்பந்தி சாருக்கு அம்மையப்பன் எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகளும் சுகம். டீச்சர் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் கடிதத்தை மாடியில் நின்று படித்தேன். கீழே வந்து ஜெயசீலனுக்குப் போன் போட்டுப் பாலமுரளித் தம்பியிடம் கொடுக்கச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று “ஹலோ, ஹலோ” என்றேன். “அப்பாவே எழுதினாரா மாமா?” என்று கேட்டார். ஆமாம், நாலு இடத்தில் அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறார் என்றேன். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். உங்களைக் கேட்காமல் அனுப்பியதற்கு மன்னிக்கவும். ஒரு மணி நேரம் கழித்து என் மகன் கூப்பிட்டு, பத்தொன்பதாம் தேதி குவைத்துக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது என்றான். பின்னால் தம்பி மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

இப்போது ஒரு சிக்கல். நேற்று பூவாயியிடம் சொன்னேன். முடியாது என்கிறாள். மகனும் மருமகனும் தலைதீபாவளிக்கு ஊருக்கு வர வேண்டுமாம். துணி எடுத்துவிட்டாளாம், அதிரசத்துக்குப் பாகு காய்ச்சப் போகிறாளாம். “ஏண்டி, மாப்பிள்ளை வீடுன்னு தெருவுல நின்னு அம்மாம் பெரிய சண்டை போட்டியே” என்று கேட்டேன். “அது கல்யாணத்துக்கு. தீபாவளிக்கு நாமதான் பொண்ணு வீடு” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்கு இரண்டு நாளாக நைட் ஷிஃப்ட், தூக்கம் இல்லை. அவளோடு மல்லுக்கட்ட இந்த உடம்பில் தெம்பும் இல்லை. டிக்கெட் போட்டதை அவளிடம் சொல்ல வேண்டியது பாக்கி. பூவாயி நம்பரை இந்தக் கடிதத்துக்குக் கீழே எழுதியிருக்கிறேன். மதியம் ஆடுகளைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாள், அப்போது கூப்பிட்டால் எடுப்பாள். நீங்களே பேசிவிடுங்கள் சார். பெண் வீட்டுக்காரர் பேசினால்தான் மரியாதை.

அம்மையப்பன்